பார்வையற்ற பெண்ணும் ஒப்பனையும்: யாருடைய முடிவு?

பார்வையற்ற பெண் ஒருத்தி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வெளியே கிளம்பினால் இரண்டு கேள்விகள் அவளைத் தேடி வரும். "யாரும்மா போட்டுவிட்டது?" என்று ஒருவர் கேட்பார். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று இன்னொருவர் கேட்பார். பூசாமல் கிளம்பினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் அவளைக் கவனிக்க ஆளில்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொள்வார்கள். பார்வையுள்ள பெண் வெறும் முகத்தோடு அலுவலகம் வந்தால் அதற்கு எத்தனையோ காரணம் சொல்லலாம்: எளிமை, கொள்கை, அவசரம், அலுப்பு. பார்வையற்ற பெண்ணின் வெறும் முகத்துக்கு ஊர் தருகிற காரணம் ஒன்றுதான். அவளால் முடியவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பார்வையற்ற பெண்களின் ஒப்பனையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஒப்பனை தேவையா, இல்லையா என்ற பொதுவான வாதம் இங்கே பாதி வழிதான் போகும். செய்துகொள்ளவும் வேண்டாம் என்று விடவும் ஒருத்திக்கு உண்மையிலேயே வழி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் கிலீ ஹாமர் இதை நேரடியாக ஆராய்ந்தவர். இஸ்ரேலில் வாழும் 40 பார்வையற்ற பெண்களிடம் விரிவான நேர்காணல்கள் எடுத்து, தங்கள் தோற்றத்தை அவர்கள் எப்படிப் பேணுகிறார்கள் என்பதைப் பற்றி 2012இல் 'ஜெண்டர் அண்ட் சொசைட்டி' இதழில் எழுதினார். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூலை வெளியிட்டது. அந்தப் பெண்கள் சொன்னவற்றில் இரண்டு இழைகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று கட்டுப்பாடு. பார்வையற்றவள் என்றாலே கசங்கிய உடை, கலைந்த தலை என்று உலகம் ஒரு சித்திரம் வைத்திருக்கிறது. அதை உடைக்க அவர்கள் மற்றப் பெண்களைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. நிறப் பொருத்தங்களை மனப்பாடம் செய்கிறார்கள். தாயிடமும் சகோதரியிடமும் தோழியிடமும் கேட்டுக் கேட்டு, பார்ப்பவர்களின் உலகத்து விதிகளைக் கற்றுக்கொள்கிறார்கள். மற்றொன்று இன்பம். துணியின் வழவழப்பு, களிம்பின் குளிர்ச்சி, வாசனை, தன் உடம்புக்குத் தானே நேரம் ஒதுக்குவதில் உள்ள நிறைவு. இதற்குக் கண்ணாடி தேவையே இல்லை.

ஹாமர் இந்த இரண்டில் ஒன்றை உண்மை, மற்றதைப் பொய் என்று தீர்ப்புச் சொல்லாமல் விட்டதுதான் அந்த ஆய்வின் பலம். ஒரே பெண்ணிடம், ஒரே காலைப் பொழுதில் இரண்டும் இருக்கலாம். கையில் வெள்ளைக் கோல் இருக்கும் வரை தெருவில் எல்லோரும் தன்னைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத்தான் அவளால் ஆகாது. எப்படியும் பார்ப்பார்கள் என்றால் பார்க்கத் தகுந்ததாக எதையாவது தருகிறேன் என்று துணிந்த பெண்களைப் பற்றி ஹாமர் 2016இல் இன்னொரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். முறைத்துப் பார்க்கும் ஊரிடமிருந்து முகத்தின் உரிமையைக் கொஞ்சமாவது மீட்டுக்கொள்கிற செயலாக எனக்கு அது படுகிறது.

பெண்ணியவாதிகள் சிலருக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம் இருக்கும். அழகு என்ற பெயரில் பெண்களின் நேரத்தையும் காசையும் கறக்கும் ஒரு தொழிலுக்குப் பார்வையற்ற பெண்ணையும் ஏன் வாடிக்கையாளராக்க வேண்டும்? நியாயமான கேள்வி. மிஷெல் ஃபைனும் ஏட்ரியன் ஆஷும் 1981இலேயே இதற்கு வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள். ஆஷ் பார்வையற்றவர், உயிரியல் அறநெறித் துறையில் பெயர்பெற்ற அறிஞர். அழகுப் பொருள், மனைவி, தாய் என்ற பாத்திரங்களுக்குள் அடைக்கிறார்களே என்று மற்றப் பெண்கள் போராடுகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பெண்ணையோ அந்தப் பாத்திரங்களுக்குக்கூடத் தகுதியில்லாதவள் என்று ஒதுக்கிவைக்கிறார்கள். பீடத்தில் ஏற்றப்படாமலே ஒடுக்குமுறையை மட்டும் அனுபவிக்கிறவள் அவள் என்பதே அவர்களின் வாதம். ஏற்றாத பீடத்திலிருந்து ஒருத்தியை இறங்கச் சொல்வதில் பொருளில்லை.

நம் வீடுகளில் இந்த ஒதுக்கல் எப்போது தொடங்குகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கும்போது கண் தெரியும் குழந்தை, தெரியாத குழந்தை என்ற வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் திருஷ்டி படக் கூடாது. பிரிவு பிறகுதான் வருகிறது. அக்காவுக்குப் பவுடரும் மையும் வாங்கிக் கொடுக்கிற வயதில், தங்கைக்கு மட்டும் "நீ ஈஷிக்குவே, நானே வச்சுவிடுறேன்" என்ற பதில். அன்போடு சொல்வதுதான். ஆனால் அந்த அன்பில் அவளுக்குப் பழகும் வாய்ப்பு பறிபோகிறது. பதினைந்து வயதில் கை பழகியிருக்க வேண்டிய காரியத்தை முப்பது வயதில், வேலைக்குப் போன ஊரில், தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.3 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் பெண்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பொட்டு வைத்துவிட ஆயுள் முழுவதும் பக்கத்தில் ஒருவர் இருப்பார் என்று நம்பித்தான் நாம் வளர்க்கிறோமா?

பார்ப்பவர்களின் வசதிக்காகப் பார்வையற்ற பெண்ணின் முகம் திருத்தப்படுவது புதிதல்ல. ஹெலன் கெல்லரின் இடது கண் சற்றுப் புடைத்திருந்தது. அதனால் இளமையில் அவரைப் பெரும்பாலும் பக்கவாட்டில் திருப்பியே படம் எடுத்தார்கள். பின்னாளில் இரண்டு கண்களையும் அகற்றிக் கண்ணாடிக் கண்கள் பொருத்தப்பட்டன. மருத்துவக் காரணமும் இருந்தது, தோற்றக் காரணமும் இருந்தது. மேடையேறி உலகத்தோடு பேச விரும்பிய அவருக்கு, உலகம் சங்கடமில்லாமல் பார்க்கக்கூடிய முகம் ஒன்று தேவைப்பட்டது. அதை அவர் விரும்பி ஏற்றாரா, வேறு வழியின்றி ஏற்றாரா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. இன்று கறுப்புக் கண்ணாடி அணியும், அணிய மறுக்கும் ஒவ்வொரு பார்வையற்ற பெண்ணும் அதே முடிவைச் சிறிய அளவில் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பார்க்காமல் எப்படிப் போட முடியும் என்ற ஐயத்துக்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொன்னால் யாரும் தடுமாறுவதில்லை. கை எங்கே இருக்கிறது, முகம் எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் இடைவிடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒப்பனைக்கு வேண்டிய அடையாளங்கள் எல்லாமே விரலுக்குத் தட்டுப்படுபவை. புருவ எலும்பின் மேடு, மூக்குத் தண்டு தொடங்கும் பள்ளம், கன்ன எலும்பு, மேலுதட்டின் நடுவில் உள்ள வளைவு, உதட்டின் இரு ஓரங்கள். சொல்லப்போனால் கண்ணாடியில் தெரியும் முகம் தொட்டால் தட்டையானது. விரலுக்குத் தெரியும் முகத்துக்குத்தான் மேடுபள்ளம் உண்டு.

இந்த அறிவை ஒரு முறையாக வகுத்தவர் ஜப்பானின் ஓயிஷி காஹோ. 'பிளைண்ட் மேக்கப்' என்ற பெயரில் அவர் உருவாக்கிய பயிற்சியில் கண்ணாடி கிடையாது. தூரிகையின் வேலையைப் பெரும்பாலும் விரல்களே செய்கின்றன. அதன் நுட்பம் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில் இருக்கிறது. ஒரு விரலில் எடுத்த பொடியை மறு கை விரலோடு சேர்த்துத் தேய்த்து, இரண்டிலும் சம அளவாக்கிக்கொள்கிறார்கள். பிறகு இரு கை விரல்களும் இரு கன்னங்களிலும் ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தில், எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. வலமும் இடமும் ஒத்துவருமா என்பதுதான் பார்க்காமல் ஒப்பனை செய்பவரின் பெரிய கவலை. கைகளின் இயல்பான சமச்சீர்மையிடமே அந்த வேலையை ஒப்படைத்துவிடுகிறது இந்த முறை. ஜப்பானில் இதைக் கற்பிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பார்வையுள்ளவர்கள் செய்வதைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே செய்ய முயலாமல், தொடுதலிலிருந்தே தொடங்கி ஒரு முறையைக் கட்டியதால்தான் அது வெற்றி பெற்றது என்பது என் கருத்து.

பயிற்சி வகுப்பு இல்லாத இடங்களில் பெண்கள் தாங்களே வழி கண்டிருக்கிறார்கள். பொடியைவிடக் களிம்பு நல்லது. எங்கே பரவியிருக்கிறது, எங்கே திட்டாக நிற்கிறது என்று விரல் சொல்லிவிடும். ஃபவுண்டேஷனைக் கொட்டிப் பரப்பாமல் நெற்றி, மூக்கு, கன்னங்கள், முகவாய் என்று எண்ணிப் புள்ளி வைத்துத் தேய்ப்பது, மஸ்காராவை ஒவ்வொரு கண்ணுக்கும் இத்தனை இழுப்பு என்று கணக்கு வைப்பது, லிப்ஸ்டிக்கை உதட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோய் விரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் துடைப்பது எல்லாம் பலர் சொல்லும் உத்திகள். நிறங்களைப் பிரித்தறிய, சிவப்புக் குழாய்க்கு ஒரு ரப்பர் பேண்ட், பழுப்புக்கு இரண்டு. பிரெய்ல் ஒட்டிகளும், தொட்டால் குரலில் பெயர் சொல்லும் ஒட்டிகளும் இருக்கின்றன. பிரிட்டனின் லூசி எட்வர்ட்ஸ் 17 வயதில் முழுப் பார்வையையும் இழந்தவர். சகோதரியின் உதவியோடு ஒப்பனையை மறுபடி முதலிலிருந்து பழகி, அதையே யூடியூபில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்றார். பார்வையை இழந்தபோது தன்னையே இழந்ததுபோல் உணர்ந்த ஒருவருக்கு, தன் கையால் தன் முகத்தைத் திரும்பத் தொட்டுப் பழகுவது மறுவாழ்வின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

நம் ஊர் ஒப்பனையில் தொடுதலுக்கு இடம் இன்னும் அதிகம். ஸ்டிக்கர் பொட்டை வைக்க இரு புருவங்களுக்கு நடுவே ஒரு விரல் போதும். சாந்துப் பொட்டும் குங்குமமும்தான் உதிர்ந்தும் வழிந்தும் சிரமப்படுத்தும். மையை விரல் நுனியில் எடுத்து இமையோரம் இழுக்கிற பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. பென்சில் பின்னால் வந்தது. ஆனால் கண்மையைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பலர் பார்வையை இழந்ததே கண் நோயால்தான். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவர்கள், கருவிழி அறுவை செய்துகொண்டவர்கள், செயற்கைக் கண் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இமையின் உள்ளோரத்தில் மை தீட்டக் கூடாது. சுர்மா போன்ற மரபான அஞ்சனங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இந்த வகை அஞ்சனத்தை அழகுப் பொருளில் சேர்க்க அனுமதிப்பதில்லை. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க முடியாதவருக்கு இந்தத் தகவல் எப்படிப் போய்ச் சேரும்?

அடுத்தது நிறம். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்குச் சிவப்பு என்றால் என்ன தெரியும், அவர் எப்படி நிறம் தேர்ந்தெடுப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கேள்விதான். 1690இல் ஜான் லாக் தன் தத்துவ நூலில், செந்நிறம் எக்காள ஒலியைப் போன்றது என்று சொன்ன பார்வையற்றவர் ஒருவரைப் பற்றி எழுதினார். காணாதவர் நிறத்தை அறிய முடியாது என்பதற்கு அது நெடுங்காலம் உதாரணமாக இருந்தது. 2021இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூடி கிம், மரீனா பெட்னி முதலானோர் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. எந்தப் பொருளுக்கு என்ன நிறம் என்ற தனித் தகவல்களில் பார்வையற்றவர்களுக்கும் பார்வையுள்ளவர்களுக்கும் வேறுபாடு இருக்கலாம். ஒரு பொருளுக்கு ஏன் அந்த நிறம், ஒரே வகைப் பொருள்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமா என்பன போன்ற ஆழமான புரிதலில் இரு சாராரும் ஒத்தே இருந்தார்கள். மொழியின் வழியாக, மற்றவர்களோடு பேசிப் பழகியே அந்த அறிவு வருகிறது. கல்யாணத்துக்குப் போகும்போது அரக்குச் சிவப்பும் துக்க வீட்டுக்குப் போகும்போது வெறும் உதடும் என்பது கண்ணால் கற்ற பாடம் அல்ல. ஊரோடு வாழ்ந்து கற்றது. அது அவளுக்கும் தெரியும்.

அவளுக்குக் கிடைக்காதது பொருளைப் பற்றிய தகவல்தான். கடைக்குப் போனால் விற்பவர் அவளை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடம், "அவங்களுக்கு என்ன ஷேடு காட்டட்டும்?" என்று கேட்பார். எல்லா லிப்ஸ்டிக்கும் கைக்கு ஒரே குழாய். காலாவதி நாள் பொடி எழுத்தில் இருக்கும். நிறுவனம் புட்டியின் வடிவத்தை மாற்றிவிட்டால், பழகி வைத்த அடையாளம் ஒரே நாளில் பயனற்றுப் போகும். பொருளைத் தொட்டறியும்படி தயாரிப்பது செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை. பிரான்சின் லாக்சிடான் நிறுவனத்தை நிறுவிய ஒலிவியே போசான், தன் கடையில் பார்வையற்ற பெண் ஒருவர் வாசனைத் திரவியங்களை முகர்ந்து தேர்ந்தெடுப்பதைக் கவனித்தார். அதன் பிறகு 1997 முதல் அந்த நிறுவனம் தன் பொட்டலங்களில் பிரெய்ல் பொறித்து வருகிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் பணியாற்றும் பார்வையற்றவரான சுமைரா லத்தீஃபின் முயற்சியால், 2018இல் அந்த நிறுவனத்தின் ஒரு ஷாம்பு புட்டியில் தொட்டறியும் கோடுகளும் அதன் ஜோடியான கண்டிஷனர் புட்டியில் புள்ளிகளும் வந்தன. பிரெய்ல் தெரியாதவரும் தொட்டுப் பிரித்துக்கொள்ளலாம். முதுமையில் பார்வை இழப்பவர்கள் பலருக்கு பிரெய்ல் தெரியாது என்பதால் இது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் மருந்து அட்டைகளில் பிரெய்லில் பெயர் இருக்க வேண்டும் என்று 2004இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அழகுப் பொருள்களுக்கு அந்தக் கட்டாயம் நீளவில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லோரும் பயன்படுத்தத் தக்கவாறு வடிவமைத்த நுகர்பொருள்களை ஊக்குவிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடை அலமாரியில் அதன் விளைவு இன்னும் கைக்குத் தட்டுப்படவில்லை.

இந்த இடைவெளியில் கைபேசி நுழைந்திருக்கிறது. 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய 'பி மை ஐஸ்' செயலி, பார்வையற்றவரை முன்பின் தெரியாத தன்னார்வலர் ஒருவரோடு வீடியோவில் இணைத்தது. இது என்ன நிறம், உதட்டில் சரியாக இருக்கிறதா என்று கேட்க அம்மாவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் எஸ்டீ லாடர் நிறுவனம் பிரிட்டனில் ஒரு செயலியை வெளியிட்டது. முகத்தைப் படம்பிடித்து, உதட்டுச் சாயமோ கண்ணிமைப் பூச்சோ எந்த இடத்தில் சீராக இல்லை என்று அது குரலில் சொல்கிறது. அதே ஆண்டு 'பி மை ஐஸ்' செயலியிலும் படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவு வந்தது. சோதனைக் காலத்தில், ஆள் அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் முகங்களை விவரிப்பது சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. மற்றவர்களின் தனியுரிமையைக் காக்கப்போய், பார்வையற்றவர் தன் சொந்த முகத்தைப் பற்றிக் கேட்பதற்கும் கதவு சாத்தப்பட்டது.

மனிதர்களிடம் கேட்கத் தயங்குவதை இயந்திரத்திடம் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். இந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனாலும் எனக்கு ஒரு கவலை உண்டு. வலது ஓரத்தில் சாயம் கோட்டைத் தாண்டியிருக்கிறது என்று இயந்திரம் சொல்வது தகவல். உன் முகம் அழகா என்ற கேள்விக்கு அது சொல்வது, இணையத்தில் குவிந்துகிடக்கும் படங்களிலிருந்து பொறுக்கிய சராசரி. அந்தப் படங்களில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததே. கண்ணாடி பார்க்கும் பெண்ணாவது அந்தத் தீர்ப்பைத் தன் கண்ணால் சரிபார்த்து மறுக்கலாம். இவளுக்கு அதைச் சரிபார்க்க இன்னொரு மனிதர் தேவை. அழகுத் தொழிலின் பழைய அளவுகோலே புதிய குரலில் பேச இடம் தந்துவிடக் கூடாது.

ஒப்பனை வேண்டாம் என்று சொல்லும் பார்வையற்ற பெண்களைப் பற்றியும் இதே அக்கறையோடு பேச வேண்டும். முகத்தில் பிசுபிசுப்பது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். தொடுதலால்தான் உலகை அறிகிறேன், முகத்தில் மேல்பூச்சு எதற்கு என்பவர்கள் இருக்கிறார்கள். வழிந்துவிட்டதா, கலைந்துவிட்டதா என்று நாள் முழுக்க எவரையாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய புதுச் சார்பு வேண்டாம் என்பவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கடைசிக் காரணம் மிக வலுவாகப் படுகிறது. தன்னிச்சையாக வாழப் பாடுபட்டுப் பழகிய ஒருத்தி, அழகுக்காக அதில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்க மறுப்பது முழு அறிவோடு எடுத்த முடிவு. அவளிடம் போய், "கொஞ்சம் பவுடராவது போட்டுக்கக் கூடாதா, ஆளு பளிச்சுன்னு இருப்பியே" என்பது, ஒப்பனை செய்தவளிடம் "உனக்கு எதுக்கு?" என்பதற்குச் சற்றும் குறையாத அத்துமீறல். பார்வையற்ற பெண்கள் சாதித்துக் காட்டும் ஒப்பனைக் காணொளிகள் பரவப் பரவ, இவர்களால் முடிகிறதே, உன்னால் ஏன் முடியாது என்ற புது நெருக்கடியும் கூடவே வருகிறது. முடியும் என்று காட்டியது பெரிய காரியம். அதைக் கட்டாயமாக மாற்றுவது அநியாயம்.

ஆகவே மறுவாழ்வு மையங்களுக்கும் பார்வையற்றோர் பள்ளிகளுக்கும் ஒரு கோரிக்கை. வெள்ளைக் கோல் பிடித்து நடக்கவும், அடுப்பு பற்றவைக்கவும், பணத்தைத் தொட்டு எண்ணவும் சொல்லித்தருகிறீர்கள். விரும்பும் பெண்களுக்கு ஒப்பனையையும் ஒரு பாடமாக வையுங்கள். கற்பிக்க வெளியிலிருந்து அழகுக்கலை நிபுணர் வருவதைவிட, கை பழகிய பார்வையற்ற பெண்ணே வருவது நல்லது. வேண்டாம் என்பவளை அந்த வகுப்புக்கு அழைக்காதீர்கள். பெற்றோர்களே, பவுடர் டப்பாவை மகளின் கையில் கொடுங்கள், ஈஷிக்கொண்டு பழகட்டும். வாசகர்களே, உங்கள் தோழியோ சக ஊழியரோ முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று மழுப்பாமல், இடது கண்ணுக்குக் கீழே மை இறங்கியிருந்தால் இடது கண்ணுக்குக் கீழே மை இறங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். துடைப்பதா விடுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.